உடுப்பிட்டிக் கரி

உடுப்பிட்டி,
5-6-1937

அறிவு கொஞ்சம் கூடிப்போன என் அன்புள்ள அண்ணைக்கு,

இதனால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில்: எங்கள் வளவில் வசிக்கும் சிவப்புச் சேவலானது, நேற்று முன்தினம் முதல் வலது காலை மடித்து வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றே கூவுவதென்று தீர்மானித்திருக்கிறது. காரணம் தெரிவிக்கப்படவில்லை. ஐயா அதைச் சுற்றிப் பார்த்தார். அது ஐயாவைச் சுற்றிப் பார்த்தது. அம்மா அதன் நெற்றியில் விபூதி பூசினார். அதற்கு நெற்றி எது என்பதில் இன்னும் அபிப்பிராய பேதம் உண்டு.

இந்தப் பாரதூரமான செய்திக்குப் பிறகு மற்றச் சில்லறை விஷயங்கள். எல்லாரும் சுகம். கேத்திர கணிதத்தில் நான் எடுத்த புள்ளியைக் கேட்காதீர்கள், புள்ளிக்கு நீளமும் இல்லை, அகலமும் இல்லை என்று வாத்தியாரே சொல்லியிருக்கிறார்.

நீங்கள் கேட்ட சிரட்டைக்கரி, ஒரு விசுக்கோத்துப் பேணி நிறைய, தகரம் படாமல் உள்ளே துணி சுற்றி, பார்சலில் வருகிறது. ஊக்கி என்றால் என்ன என்று போன கடிதத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். நான் இரண்டே சொல்லில் சொல்கிறேன்: கலியாணத் தரகர். சவர்க்காரம் காய்ச்சும்போது மிஞ்சுகிற கிளிசரின் ஒரு பக்கம், ஐதரசன் வாயு மறுபக்கம். இரண்டும் சேர்ந்தால் மருந்து கரைக்க உதவும் நல்ல திரவம் கிடைக்கும். ஆனால் தாமாகச் சேர மாட்டார்கள், அவ்வளவு கௌரவம். நிக்கல் என்கிற தரகர் நடுவில் வந்து பேசி முடித்துவைப்பார். முடித்துவிட்டு, வந்த மேனிக்கே எழுந்து போவார். அவர் இருந்து பேச ஒரு கதிரை வேண்டும். ஜெர்மனியிலிருந்து வருகிற வெள்ளை மண் கதிரை உங்களுக்குச் சரியான காலத்தில் வந்து சேர்வதில்லை. ஆகவே எங்கள் ஊர்க் கரி. சரிதானே? உங்கள் பெங்களூர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு மேசை எனக்கும் போடச் சொல்லுங்கள்.

கரியின் வரலாறு வருமாறு. கிழக்குப் பக்கம் சாய்ந்த தென்னையின் சிரட்டைகளாகத் தேடிப் பொறுக்கினேன். கோடிப்புறத்தில் கிடங்கு வெட்டி, மண் மூடி, புகை அடங்கும்வரை பக்கத்திலேயே தவம் கிடந்தேன். கல்லுரலில் இடித்து, ஓலைச் சுளகில் புடைத்து, மழைத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தினேன். உலோகம் எதுவும் படக்கூடாது என்று நீங்கள் அடிக்கோடு போட்டு எழுதியதால் உலக்கையின் இரும்புப் பூணைக்கூடக் கழற்றிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஓர் உலோகத்தின் நிழல்கூட இந்தக் கரியின்மேல் விழவில்லை. என் புதுச் சால்வை மட்டும் இந்த யாகத்தில் கறுத்துப்போனது. அம்மா, "உதென்னடா கோலம்? சுடலையிலை உருண்டு போட்டு வாறியோ?" என்று கேட்டார். விஞ்ஞானம் என்றேன். "உன்ரை விஞ்ஞானத்தை நீயே தோய்" என்று சால்வையை என் முகத்தில் எறிந்தார்.

வேலிக்கு அப்பால் மாமி வீட்டில் எல்லாரும் சுகம். வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். கடிதத்தின் அடியில் மிகச் சின்ன எழுத்தில் மாமியின் மகளைப் பற்றி விசாரித்திருந்தீர்கள். குணம் மச்சாளும் சுகம். வேறு விசேஷம் இல்லை.

ஐயா இதை வாசித்த பிறகுதான் முத்திரை ஒட்டுவார் என்பதால் அவருக்கும் என் வணக்கம்.

இங்ஙனம்,
கரிச் சக்கரவர்த்தி
பஞ்சலிங்கம்


பெங்களூர்,
24-6-1937

அன்புள்ள தம்பி பஞ்சுவுக்கு,

உன் பேணி பத்திரமாக வந்தது. முதலில் இரு, கதிரையில் இருந்துகொண்டு வாசி.

சூடான குழாய்க்குள் ஊக்கிப் பொடியை அடைத்து, கிளிசரின் ஆவியையும் ஐதரசனையும் அதனூடாக விடுவோம். மறுபக்கம் குளிர்ந்து சொட்டுவதைச் சோதிப்போம். உன் கரியில் நிக்கலை ஏற்றி ஓட்டினேன். வழக்கம்போல நிக்கல் கிளிசரினைக் கண்டதுண்டமாக்கி வாயுவாக்கிவிட்டது. கிடைத்த திரவம் கொஞ்சம்தான். அதில் வியப்பில்லை. பிறகு, ஒப்புக்கு ஒரு சோதனை செய்வது முறை: நிக்கல் ஏற்றாத வெறுங்கரியை அடைத்து ஓட்டுவது. ஒன்றும் நடக்காது என்று காட்டுவதற்கான சோதனை அது. கிளிசரின் போனபடியே வெளியே வரவேண்டும்.

வரவில்லை, பஞ்சு. நான் தேடித் திரிந்த அதே திரவம் வந்தது. நிக்கல் தந்ததைவிடப் பன்மடங்கு. கிளிசரினை உடைக்காமல், பிடுங்க வேண்டியதை மட்டும் பிடுங்கி எடுத்திருக்கிறது. குழாயை மாற்றினேன். கிளிசரினை மாற்றினேன். திரும்பவும் அதே கதை. வெறுங்கரி இதைச் செய்ததாக உலகத்தில் யாரும் எழுதியதில்லை.

பேராசிரியர் நம்பவில்லை. "கரி தனியாக இதைச் செய்யாது, எங்கோ உலோகம் இருக்கிறது" என்றார். நான் உன் கடிதத்தை அவருக்கு மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினேன். இரும்புப் பூணைக் கழற்றிய இடத்தில் சிரித்துவிட்டார். "உன் தம்பி உன்னைவிட நல்ல இரசாயனக்காரன்" என்றார்.

எனக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும். இது நிலைத்தால் என் இடம் இங்கே நிலைக்கும். மார்கழிக்குள் கட்டுரையைக் கொடுத்துவிட்டுத் தையில் ஊருக்கு வருவேன். மாமியிடம் முறைப்படி பேச வேண்டிய பேச்சும் பேசுவேன். அம்மாவிடம் சொல்.

உன் அண்ணன்,
நமசிவாயம்


உடுப்பிட்டி,
2-7-1937

உலகப் புகழுக்கு ஓரடி தூரத்தில் நிற்கும் அண்ணைக்கு,

கதிரையில் இருந்து வாசிக்கச் சொன்னீர்கள். நான் மதிலில் இருந்து வாசித்தேன். ஆகையால் விழுந்தேன். முழங்காலில் தோல் உரிந்ததை உங்கள் கட்டுரையில் அடிக்குறிப்பாகச் சேர்க்கவும்.

என்ன அதிசயம் இது! தரகர் வரவே இல்லை, அவர் இருக்கிற கதிரையே கலியாணம் பேசி முடித்துவிட்டதா? இப்படியே போனால் தரகர்மார் பட்டினி. நான் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். என் வகுப்பு நண்பன் கிறிஸ்துநாயகம், "கரியிலை என்னடா கிடக்கு, எங்கடை குசினியிலை கிடக்கிற கரிதானே?" என்றான். "உங்கடை குசினியிலை கிடக்கிறது கரி. என்ரை பேணியிலை கிடந்தது கைராசி" என்றேன். இரசாயன வாத்தியார்கூட என்னை நிறுத்தி வைத்துக் கேட்டார். எந்தத் தென்னை, எவ்வளவு சூடு, எத்தனை கழுவல் என்று நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். கேத்திர கணித வாத்தியார் தூரத்தில் நின்று பார்த்தார். அவருக்கு என் புள்ளிகளெல்லாம் இப்போது நட்சத்திரங்களாகத் தெரிந்திருக்கும்.

ஒரேயொரு விண்ணப்பம். இந்தக் கரிக்கு ஒரு பெயர் வேண்டும். பஞ்சலிங்கக் கரி என்பது என் தாழ்மையான யோசனை. கூச்சமாக இருந்தால் உடுப்பிட்டிக் கரி என்று வையுங்கள், ஊரும் பிழைத்துப் போகட்டும்.

தையில் வருகிறீர்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிவாளில் காய் அரிந்துகொண்டிருந்தார். அரிந்துகொண்டே இருந்தார். பிறகு, "அவன்ரை சோதனையள் முடியட்டும்" என்றார். அவ்வளவுதான்.

ஊர்ப்புதினம் ஒன்று. எங்களுக்கும் மாமி வீட்டுக்கும் நடுவில் வேலியில் குனிந்து போய்வருகிற பொட்டு இருந்ததல்லவா? அதைப் புதுக்கிடுகு வைத்து அடைத்துவிட்டார்கள். மாமிதான் அடைப்பித்தார். அம்மாவும் மாமியும் கதைப்பதில்லை. ஏன் என்று என்னைக் கேட்க வேண்டாம், அது பெரியவர்களின் விஷயம். இப்போது தோசைமா இரவல் வாங்க ஒழுங்கையால் சுற்றிப் போக வேண்டும், போகவும் முடியாது.

சேவல் இப்போது இடது காலில் நிற்கிறது.

உங்கள்,
ப. (பெயர் பெரிதாகிவிட்டதால் சுருக்கி எழுதுகிறேன்)


பெங்களூர்,
20-7-1937

அன்புள்ள பஞ்சுவுக்கு,

உடுப்பிட்டிக் கரி என்றே எழுதிவிட்டேன். முதல் அறிக்கையில் இங்கிலீசில் அந்தப் பெயர் நிற்கிறது. வெளியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் முன்னிலையில் கடைசிப் பிடி கரியையும் அடைத்து ஓட்டிக் காட்டினேன். குளிர்குழாயில் சொட்டுச் சொட்டாக விழுந்ததை அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பேராசிரியர் என் தோளில் கை வைத்தார். நாலு வருஷத்தில் அவர் அப்படி வைத்தது அதுவே முதல்முறை.

இனிப் பெரிய சோதனை. எனக்கு உடனே இன்னொரு பேணி வேண்டும், முதற்பேணியை விடப் பெரியதாக. அதே தென்னை, அதே கிடங்கு, அதே கழுவல். ஒன்றையும் மாற்றாதே. உன் கெட்டித்தனத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

பொட்டு அடைத்த செய்தி எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. நான் சிறுவயதில் தவழ்ந்து போன பொட்டு அது. அம்மாவுக்கும் மாமிக்கும் என்ன நடந்தது? நான் வந்துதான் தீர்க்க வேண்டும்போல. நான் தையில் வருகிறேன் என்று குணலட்சுமிக்குச் சொன்னாயா? அவள் ஒரு சொல்லாவது சொன்னாளா? நீ உன் கடிதத்தில் சேவலைப் பற்றி எழுதுவதில் பாதியாவது அவளைப் பற்றி எழுதலாம்.

உன் அண்ணன்,
நமசிவாயம்


உடுப்பிட்டி,
2-8-1937

அண்ணைக்கு,

புருவமில்லாத தம்பி எழுதிக்கொள்வது.

இரண்டாவது பேணி வருகிறது. இம்முறை அது சும்மா வரவில்லை. கிடங்கு வெட்டினேன், கையில் கொப்புளம். சிரட்டையை அடுக்கி மூட்டினேன், கண்ணில் புகை. மண் போட்டு மூடிவிட்டு, எரிகிறதா அணைந்ததா என்று குனிந்து பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. இரண்டு புருவமும் போய்விட்டன. இப்போது நான் எதைச் சொன்னாலும் ஆச்சரியப்படாதவன்போலத் தெரிகிறேனாம். ஐயா என்னைக் கண்டதும், "நாசமாய்ப் போவானே, ஆரடா நீ?" என்றார். உண்மையாகவே கேட்டார்.

இடித்தேன், புடைத்தேன், கழுவினேன், உலர்த்தினேன். கரி இவ்வளவு வேலை பிடிக்கும் என்று எனக்குத் தெரியாமல் போனது, அதாவது முதன்முறை எனக்கிருந்த உற்சாகத்தில் தெரியாமல் போனது என்று சொல்ல வந்தேன். அதே தென்னை, அதே நான். முதற்பேணி செய்ததை இது இன்னும் திறமாகச் செய்யும். இதற்கு என் புருவம் உரமாக விழுந்திருக்கிறது.

குணம் மச்சாள் சுகம். பொட்டு அடைத்திருப்பதால் காண்பது குறைவு. கண்டால் சொல்கிறேன்.

அன்புடன்,
பஞ்சு


பெங்களூர்,
25-8-1937

பஞ்சு,

இதில் பகிடி ஒன்றும் இல்லை. உன் பதிலிலும் இருக்கக் கூடாது.

இரண்டாவது பேணிக் கரி ஒன்றும் செய்யவில்லை. கிளிசரின் போனபடியே வந்தது. சூட்டைக் கூட்டினேன், குறைத்தேன். கரியை இன்னும் நுணுக்கமாக அரைத்தேன். பேராசிரியர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் இல்லை. ஒரு சொட்டும் இல்லை.

அதன் பிறகு அவர் ஒன்று செய்தார். முதற்பேணிக் கரியில் குழாய்க்குள் போய்வந்த பழைய பொடி, ஒரு சீசாவில் மிஞ்சியிருந்தது. அதை எடுத்து எரித்துச் சாம்பலாக்கிச் சோதிப்பித்தார். சாம்பல் கரைசல் நீலமாக மாறியதை என் கண்ணால் பார்த்தேன். செம்பு. தூசியாக அல்ல, வேலை செய்யப் போதுமான செம்பு. செம்புதான் அந்தத் திரவத்தைத் தந்தது. கரி வெறும் கதிரை.

நான்தான் முதலிலேயே சாம்பலைச் சோதித்திருக்க வேண்டும். தையில் வரவேண்டும் என்ற அவசரம் என் கண்ணை மறைத்துவிட்டது. அது என் பிழை. ஆனால் இப்போது அவர் கேட்பது வேறு கேள்வி: இந்தச் செம்பைக் கரியில் போட்டது யார்? கரி வீட்டிலிருந்து வந்தது, உலோகத்தின் நிழலும் படவில்லை என்று உன் கடிதத்தை வாசித்துக் காட்டியவன் நான். அந்தக் கடிதமே இப்போது எனக்கு எதிராக நிற்கிறது. வீட்டில் செம்பு சேரவில்லை என்றால் இங்கேதான் சேர்ந்திருக்க வேண்டும். இங்கே அந்தப் பேணியைத் தொட்டவன் நான் ஒருவன்தான். பெயருக்காக இரகசியமாகச் செம்பைக் கலந்துவிட்டு வெறுங்கரி என்று உலகத்தை ஏமாற்றப் பார்த்தேன் என்கிறார்கள். விளக்கம் தரப் புரட்டாதி முடியும்வரை தவணை. தராவிட்டால் என்னை விலக்குவார்கள். விலக்கும் காரணத்தையும் எழுதுவார்கள். அதன் பிறகு எந்த ஆராய்ச்சிக்கூடமும் என்னைப் படியேற்றாது.

செம்புக் குடத்தில் கழுவினாயா? செம்புக் கிடாரத்தில் போட்டு வைத்தாயா? யோசித்துப் பார்த்து உள்ளதை எழுது.

நமசிவாயம்


உடுப்பிட்டி,
2-9-1937

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஐயாவும் வாசித்தார். வாசித்துவிட்டு வளவுக்குள் இறங்கிப் போய்விட்டார்.

செம்புக் குடத்தில் கழுவவில்லை. எங்கள் வீட்டுக் கிடாரம் பித்தளை, அதையும் தொடவில்லை. நான் எழுதினபடிதான் செய்தேன். பெங்களூர்க் குழாய்த் தண்ணீரில் ஏதாவது இருக்குமோ? அல்லது உங்களோடு வேலை செய்கிறவர்களில் யாருக்காவது எரிச்சலோ? நன்றாக விசாரியுங்கள்.

சேவல் சுகம்.

பஞ்சலிங்கம்


பெங்களூர்,
9-9-1937

தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. பேராசிரியரிடம் சொன்னேன்: "என் தம்பி ஊரில் எல்லாரையும் ஏய்ப்பான். வாத்தியாரை ஏய்ப்பான், ஐயாவை ஏய்ப்பான். எனக்கு மட்டும் பொய் எழுத மாட்டான்." அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்படியானால் பொய் சொல்கிறவர் ஒருவர்தான் மிச்சம்" என்றார்.

அவர் சொன்னது எனக்கு விளங்கியது. புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டேன். அம்மாவிடம் இப்போது ஒன்றும் சொல்லாதே. குணலட்சுமியிடமும்.

நமசிவாயம்


பருத்தித்துறைத் தபால் கந்தோர் வாங்குப் பலகையில் இருந்தபடி,
14-9-1937

அண்ணை,

உடுப்பிட்டித் தபால் கந்தோரில் போட்டால் ஐயா வாசித்துவிடுவார் என்று சைக்கிளில் இங்கே வந்து எழுதுகிறேன். இதில் ஐயா வாசித்திராத விஷயங்கள்தான் இருக்கின்றன. நீங்களும் இருந்துகொண்டு வாசியுங்கள். இந்தமுறை உண்மையாகவே சொல்கிறேன், இருந்துகொண்டு வாசியுங்கள்.

முதற்பேணிக் கரியை நான் சுடவில்லை.

சாய்ந்த தென்னை, கிடங்கு, தவம், மழைத் தண்ணீர், கழற்றிய பூண் எல்லாம் நீங்கள் எழுதிய விதிகளை வைத்துக்கொண்டு நான் கட்டிய கதை. பேணியை அனுப்ப வேண்டிய நாள் வந்துவிட்டது. அம்மா தினமும் கேட்கிறார். நான் ஒரு சிரட்டையைக்கூடப் பொறுக்கவில்லை. அந்த நேரம் நல்லூரில் ஒரு வீட்டுக்குப் பொன்னுருக்கலுக்குப் போனோம். அம்மா, நான், மாமி, மாமா எல்லாரும் ஒரே வண்டிலில். மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் கோலம் போட்டு, குத்துவிளக்கு வைத்து, அருளம்பலப் பத்தர் சட்டியில் கரியை மூட்டினார். தாலிக்கென்று கொடுத்த பவுணை அதன் நடுவில் வைத்து ஊதுகுழலால் ஊதினார். பொன் உருகி உருண்டையாகி நடுங்கியது. எல்லாரும் கும்பிட்டார்கள். பிறகு பலகாரம் சாப்பிட உள்ளே போனார்கள். பத்தர் சட்டிக் கரியைத் தணித்து, பட்டறையிலிருந்து கொண்டுவந்த தன் கரிப்பெட்டியிலேயே கொட்டிவிட்டுக் கை கழுவப் போனார். நல்ல சிரட்டைக்கரி. அடியில் எல்லாம் தூள்தூளாக, இடிக்கும் வேலைகூட மிச்சம். நான் சால்வையை விரித்தேன்.

சோம்பல் மட்டும் இல்லை, அண்ணை. எனக்குக் கோபமும் இருந்தது. உங்களுக்குரியதை நீங்கள் இல்லாத நேரத்தில் கொடுத்துவிட்டார்கள். அந்த வீட்டிலிருந்து உங்களுக்கென்று நானும் ஏதாவது எடுத்துப் போகிறேன் என்று நினைத்தேன்.

இன்னும் சொல்லவில்லை, சொல்கிறேன். மாப்பிள்ளை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். பொம்பிளை குணம் மச்சாள்.

மாமி உங்களுக்காக இரண்டு வருஷம் பார்த்தார். ஒவ்வொரு தையும் அடுத்த தை என்றீர்கள். கிளிசரின் என்றால் என்ன என்று மாமாவுக்கு யாராலும் சொல்லிக் கொடுக்க முடியவில்லை. கிளாக்கர் என்றால் உடனே விளங்கியது. வைகாசிக் கடைசியில் கலியாணம் முடிந்துவிட்டது. நான் முதல் கடிதம் எழுதியபோது மாமி வீட்டில் பந்தற்கால் நட்டிருந்தார்கள். வெள்ளையடித்தது அதற்குத்தான். உங்கள் சோதனைகள் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். கரி எங்கிருந்து வந்தது என்று சொன்னால் பொன்னுருக்கலைச் சொல்ல வேண்டும். பொன்னுருக்கலைச் சொன்னால் இதைச் சொல்ல வேண்டும். ஆகவே போன கடிதத்தில் குழாய்த் தண்ணீர்மேல் பழியைப் போட்டேன். அதைத்தான் உங்களுக்கு எழுதிய முதல் பொய் என்று சொல்ல ஆசை. அதற்கு முன்னால் எழுதியவற்றை என்னவென்று சொல்வது?

பொட்டு ஏன் அடைபட்டது என்றும் கேட்டீர்கள். அதுவும் நான்தான். கரி காணாமற்போனதும் பத்தர் சத்தம் போட்டார்: "ஆரடா என்ரை கரிப்பெட்டியைக் கவிட்டது?" மாப்பிள்ளையின் பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ஐயோ, தாலி உருக்கின கரியை ஆரோ செய்வினை செய்ய எடுத்துப் போட்டினம்!" என்று அலறினார். எல்லாரும் எங்கள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். தன் மகனுக்கு வராத பெண்ணைக் கெடுக்க அம்மாதான் ஆள் வைத்து எடுப்பித்தார் என்று மாமி நேற்றுவரை நம்பினார். வண்டிலில் வைக்கோலுக்கடியில் அந்த மூட்டையின்மேல் இருந்துகொண்டு நான் வீடு வந்தேன். அம்மா வழிநெடுக முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

நேற்று உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒழுங்கையால் சுற்றி மாமி வீட்டுக்குப் போனேன். குணம் மச்சாள் நல்லூரிலிருந்து வந்திருந்தார். மாமிக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். மாமி எனக்கு அறைந்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு, "நான் அண்ணியை என்னெல்லாம் சொல்லிப் போட்டன்" என்று அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். மச்சாள் உங்கள் கடிதத்தை வாங்கி வாசித்தார். கடைசி வரியில் நெடுநேரம் நின்றார். பிறகு கேட்டார்:

"அத்தானுக்கு எழுதிப்போட்டியோ?"

"இல்லை மச்சாள். அம்மா சத்தியம் வாங்கினவ."

"என்ரை கலியாணத்தை மறைக்கிறதுக்காக அவரைக் கள்ளனாக்கிப் போடாதை. இண்டைக்கே எழுது. முழுக்க எழுது."

"என்ன எழுத, உங்களைப் பற்றி?"

"நான் சுகமாயிருக்கிறன் எண்டு எழுது. அது பொய்யில்லை."

அப்படியே எழுதிவிட்டேன்.

அங்கிருந்து பத்தரிடம் போனேன். அவரும் அறையத்தான் வந்தார், வேலைக் கை என்பதால் விட்டுவிட்டார். "அறுவானே, அந்தப் பெட்டிக்குள்ளை என்ரை அப்பற்றை காலத்து அராவின செம்பும் வெள்ளியும் கிடந்தது. அதைத்தானே நான் வருசம் முடியக் கழுவி எடுக்கிறனான்" என்றார். உங்கள் நிலைமையைச் சொன்னேன். அவர் துருத்தியை விட்டு எழுந்து, பட்டறை மூலையிலிருந்து அதே மாதிரிக் கரி ஒரு பிடி அள்ளித் தந்தார். கரி எங்கிருந்து போனது என்று ஒரு துண்டில் எழுதிக் கையொப்பமும் வைத்தார். இரண்டும் இத்துடன் வருகின்றன. இந்தக் கரியை அடைத்து ஓட்டிக் காட்டுங்கள். அது வேலை செய்யும். என் கைராசியால் அல்ல.

இன்னொன்று. அந்தச் சாம்பலில் செம்பை மட்டும்தானே தேடினார்கள்? பேராசிரியரிடம் சொல்லிப் பொன்னைத் தேடச் சொல்லுங்கள். ஒரு பொட்டாவது இருக்கும், பத்தர் அடித்துச் சொல்கிறார். செம்பை யாரும் கலக்கலாம். கரியில் பொன்னைக் கலக்கிற விசரன் உலகத்தில் இல்லை என்று அவருக்கே விளங்கும். அது கிடைத்தால் நீங்கள் தப்பிவிடுவீர்கள்.

அது குணம் மச்சாளின் தாலிப் பொன், அண்ணை. எழுதாமல் விட்டால் நீங்களே கண்டுபிடிப்பீர்கள், அதனால் நானே எழுதுகிறேன்.

தரகரைப் பற்றி நான் விட்ட பகிடியெல்லாம் இப்போது எனக்கே சுடுகிறது. அந்தக் கரி உங்களிடம் வருவதற்கு முன்பே ஒரு கலியாணத்தை முடித்துவைத்துவிட்டுத்தான் வந்தது.

தையில் வருவீர்களா என்று கேட்க எனக்கு முகமில்லை. பொட்டை இன்று காலை மாமாவே பிரித்துவிட்டார். வந்தால் குனிந்து போகலாம்.

அறிக்கையில் உடுப்பிட்டிக் கரி என்ற பெயரை வெட்டிவிடுங்கள். அது நல்லூர்க் கரி. என் கையால் நான் சுட்டது வாழ்க்கையில் ஒரேயொரு பேணிதான். இரண்டாவது பேணி. ஒன்றும் செய்யாதது.

உங்கள் தம்பி,
பஞ்சு